மனை பிரிக்கும் முன் மரங்களை அளந்தோம்: உச்சிப்புளிப் பக்கம் ஒரு மர மதிப்பீட்டுச் சேவை

உச்சிப்புளிக்குத் தெற்கே, மன்னார் வளைகுடாக் கரையிலிருந்து ஏறத்தாழ முக்கால் கிலோமீட்டர் உள்ளே, எங்கள் குடும்பத்துக்கு மூன்று ஏக்கர் மணற்பாங்கான புஞ்சை நிலம் இருக்கிறது. அதை வீட்டுமனைகளாகப் பிரித்து, உடன்பிறந்த நால்வரும் ஆளுக்கொரு வீடு கட்டிக்கொண்டு மீதி மனைகளை விற்பது என்று முடிவெடுத்தபோது, நிலத்தில் நிற்கும் மரங்களில் எதைக் காக்கலாம், எதை அகற்றலாம் என்று மதிப்பிடுவதற்காக மதுரையிலிருந்து வரும் ஒரு சிறு குழுவை அமர்த்தினோம். மூன்று ஏக்கருக்கும் சேர்த்து 28,000 ரூபாய் கட்டணம்; போக்குவரத்துச் செலவு தனி. நிறைகளோடு குறைகளையும் சொல்லப்போவதால் குழுவின் பெயரை இங்கே எழுதவில்லை. இராமநாதபுரம் மாவட்டக் கரையில் தேவிபட்டினம் முதல் சாயல்குடி வரை மனை போடுகிறவர்கள் பலர் இருப்பதால், இந்த வேலையில் என்ன கிடைக்கும், எதைக் கேட்டு வாங்க வேண்டும் என்பது பயன்படும் என்று நம்புகிறேன்.

முதலில் நாங்கள் செய்த தவற்றைச் சொல்ல வேண்டும். மரங்களைப் பார்க்கும் முன்பே மனைப்பிரிவு வரைபடத்தைப் போட்டுவிட்டோம். வரைந்தவர் நிலத்தின் எல்லைகளையும் மட்டத்தையும் துல்லியமாக எடுத்திருந்தார். மரங்களுக்கு மட்டும் "பனை மற்றும் முள்மரங்கள், அகற்றப்படும்" என்று ஓரத்தில் ஒரு வரி எழுதியிருந்தார். முப்பதடிச் சாலை, எங்கள் தாத்தா காலத்து வரப்புப் பனைகளின் மேலேயே நேராக ஓடியது. பெரிய அண்ணன் அதைப் பார்த்துவிட்டு, "சாலையைக் கொஞ்சம் தள்ளிப் போட்டால் என்ன கெட்டுவிடும்?" என்று கேட்டதிலிருந்துதான் இந்த மதிப்பீட்டைப் பற்றிய பேச்சே தொடங்கியது. வரைபடம் போடுவதற்கு முன்பே குழுவை அழைத்திருந்தால், அதைத் திருத்துவதற்கு மறுபடியும் செலவு செய்திருக்க வேண்டியதில்லை.

தை மாதக் கடைசியில் இருவர் வந்து இரண்டு நாள் தங்கி வேலை செய்தார்கள். வந்ததும் அவர்கள் கேட்ட முதல் கேள்வி, உயர் அலைக் கோட்டிலிருந்து, அதாவது கடல் ஏற்றத்தின்போது நீர் எட்டும் எல்லையிலிருந்து, நிலம் எவ்வளவு தூரத்தில் இருக்கிறது என்பது. கடலோர ஒழுங்குமுறை மண்டலம் உயர் அலைக் கோட்டிலிருந்து நிலப்பக்கம் 500 மீட்டர் வரை வருவதால், அதற்குள் இருந்தால் மரங்களைப் பற்றிப் பேசுவதற்கு முன்பே கட்டலாமா கூடாதா என்ற கேள்வி வந்துவிடும் என்று விளக்கினார்கள். எங்கள் நிலம் அதற்கு வெளியே இருக்கிறது என்று உறுதி செய்துகொண்ட பிறகே அளவு நாடாவை எடுத்தார்கள். அந்த ஒழுங்கு எனக்குப் பிடித்திருந்தது.

ஒவ்வொரு மரத்துக்கும் எண் கொடுத்து, தரையிலிருந்து 1.37 மீட்டர் உயரத்தில், அதாவது வனத்துறையினர் வழக்கமாக எடுக்கும் மார்பளவு உயரத்தில், சுற்றளவை எடுத்தார்கள். உயரத்தையும் நான்கு திசைகளிலும் கிளை பரவிய தூரத்தையும் தனித்தனியாகக் குறித்தார்கள். எங்கள் கரையில் ஆடிக் காற்று ஒரே பக்கமாக அடித்து மரங்களைச் சாய்த்து வளர்க்கும். ஒரு வேம்பின் கிளை தென்மேற்கில் இரண்டு மீட்டரும் வடகிழக்கில் ஆறு மீட்டரும் இருந்தது. சராசரியாக நான்கு என்று போட்டிருந்தால் வீடு எங்கே வரலாம் என்ற கணக்கே தவறியிருக்கும். எண் தகடுகளை ஆணியடித்து மாட்டாமல், பனைகளுக்குக் கயிற்றால் கட்டினார்கள். பனை மற்ற மரங்களைப் போல ஆண்டுதோறும் பருப்பதில்லை என்பதால் கயிறு தண்டை இறுக்காது. ஆணியடித்த காயமோ பனையில் ஒருபோதும் மூடாது.

அறிக்கையில் மொத்தம் 112 மரங்கள் வந்தன: பனை 61, உடை என்ற முள்மரம் 34, வேம்பு 9, பூவரசு 4, புன்னை 3, புளி 1. சீமைக்கருவேலத்தை ஒவ்வொன்றாக எண்ணாமல் பரப்பாகக் குறித்து, அகற்றலாம் என்று எழுதியிருந்தார்கள். தர வரிசைக்கு அவர்கள் பின்பற்றியது, கட்டுமான இடங்களில் உள்ள மரங்களுக்காகப் பிரிட்டனில் 2012இல் வெளியான 5837 எண் தரநிலை. இன்னும் 40 ஆண்டுக்கு மேல் நிற்கக்கூடிய சிறந்த மரம் முதல் தரம், 20 ஆண்டுக்கு மேல் நிற்பது இரண்டாம் தரம், 10 ஆண்டு தாங்கக்கூடியதும் இளம் மரமும் மூன்றாம் தரம், பத்தாண்டுகூடத் தாங்காதது கடைசி என்பது அதன் அடிப்படை. குளிர்நாட்டில் எழுதிய விதி இந்த உப்புக்காற்றுக்கு ஒத்துவருமா என்று எனக்கு ஐயம் இருந்தது. பெரும்பாலும் ஒத்துவந்தது, பனையில்தான் சிக்கல் வந்தது. அதைப் பின்னால் சொல்கிறேன்.

இந்தச் சேவையின் உண்மையான பயன் வேர்ப் பாதுகாப்பு வட்டத்தில் இருக்கிறது. மரத்தின் விட்டத்தைப் போலப் பன்னிரண்டு மடங்கு ஆரத்துக்குள் தோண்டவோ, மண் கொட்டவோ, வண்டி ஏற்றவோ கூடாது என்பது அதே தரநிலையின் விதி. எங்கள் கிணற்றடி வேம்பின் சுற்றளவு 2.20 மீட்டர். விட்டம் 70 செ.மீ. ஆகிறது, ஆரம் 8.4 மீட்டர், வட்டத்தின் பரப்பு ஏறத்தாழ 222 சதுர மீட்டர், நம் கணக்கில் ஐந்தரை சென்ட். ஒரு வேம்புக்கு ஒரு முழு மனை வேண்டும் என்று தெரிந்தபோது வீட்டில் எல்லோரும் சற்று நேரம் பேசாமல் இருந்தோம். அந்த மரத்தை வைத்துக்கொள்ள வேண்டுமென்றால் அதன் மனையை விற்கக் கூடாது. சின்ன அண்ணன் தன் பங்கு மனையாக அதையே எடுத்துக்கொண்டு, வீட்டை மேற்கு ஓரத்துக்கு ஒதுக்கினார்.

இங்கே மனை போடுகிறவர்கள் எல்லோரும் சவுடு மண் அடித்து இரண்டடி உயர்த்துவார்கள். மழைநீர் தேங்காமல் இருக்க அது தேவைதான். ஆனால் வேர்களின் மேல் அரையடிக்கு மேல் மண் ஏறினாலே காற்று குறைந்து மரம் மெல்ல மெல்லச் சாகும் என்று குழுவினர் சொன்னார்கள். எங்கள் சித்தப்பா வீட்டில் இதைக் கண்ணால் பார்த்திருக்கிறோம். முற்றத்தை உயர்த்திச் சிமென்ட் போட்ட பிறகு வாசலில் இருந்த பூவரசு முதல் ஆண்டு நன்றாகத்தான் இருந்தது. இரண்டாம் ஆண்டு உச்சிக்கிளை காய்ந்தது. மூன்றாம் ஆண்டு பட்டுப்போனது. பூச்சி விழுந்துவிட்டது என்றே நாங்கள் அன்று நினைத்தோம்.

வேம்புகளைப் பற்றிய தீர்ப்பிலும் அவர்களுடைய அறிவு தெரிந்தது. சில ஆண்டுகளாகவே மழைக்காலம் முடியும் சமயத்தில் வேம்பின் நுனிகள் தீயில் வாட்டியதுபோலக் கருகி நிற்பதைத் தமிழ்நாடு முழுவதும் பார்க்கிறோம். எங்கள் ஒன்பது வேம்பில் ஆறு அப்படி நின்றன. ஊரில் பலர் அவை பட்டுவிட்டன, வெட்டி விற்றுவிடுங்கள் என்றார்கள். குழுவினர் பட்டையைச் சிறிது நகத்தால் சுரண்டிப் பச்சையைக் காட்டி, இது பூஞ்சையும் தேயிலைக் கொசு என்ற சாறு உறிஞ்சும் பூச்சியும் சேர்ந்து செய்யும் நுனிக்கருகல், பங்குனி வரை பொறுங்கள் என்றார்கள். பங்குனியில் ஆறும் தளிர்த்தன.

புளிய மரத்தின் கதை வேறு. அதன் அடியில் விளையாடித்தான் நாங்கள் வளர்ந்தோம். குழுவில் மூத்தவர் மரச்சுத்தியால் அடிமரத்தைச் சுற்றித் தட்டிக்கொண்டே வந்தார். கிழக்கே கல்லைத் தட்டியதுபோல ஓசை வந்தது. மேற்குப் பக்கம் வந்ததும் காலிப் பானையைத் தட்டிய ஓசை. அங்கே ஒரு பழைய கிளை வெட்டின் வடுவில் மெல்லிய எஃகுக் கம்பியைச் செருகினார். தடையே இல்லாமல் 40 செ.மீ. உள்ளே போனது. வெட்டிவிடச் சொல்வார் என்று எதிர்பார்த்தோம். அவர் சொன்னது, மரம் விழுந்தால் யார் மேல் விழும் என்பதையும் சேர்த்துப் பார்க்க வேண்டும் என்று. உச்சிப் பாரத்தைக் குறைத்து, மரத்தின் உயரத்துக்குச் சமமான தூரத்துக்குள் வீடோ சாலையோ வராமல் பார்த்துக்கொண்டால் அது இன்னும் பல ஆண்டுகள் நிற்கலாம் என்று எழுதிக் கொடுத்தார்கள்.

உடை மரங்களுக்கு அவர்கள் கொடுத்த மதிப்பு எங்களுக்குப் புதிது. குடை பிடித்ததுபோலத் தட்டையாகப் படரும் இந்த மரம் இராமநாதபுரக் கடற்கரையின் அடையாளம் என்றாலும், பொக்லைன் ஓட்டுநருக்கும் மனைத் தரகருக்கும் சீமைக்கருவேலமும் உடையும் ஒரே முள்தான். வெள்ளையாக நீண்ட முள்ளையும் சுருண்ட காயையும் காட்டி, 34 மரங்களிலும் வெள்ளைப் பட்டை அடித்து அடையாளம் இட்டது பெரிய உதவி. அவற்றில் 21 ஒரே திட்டாக நின்றன. 10,000 சதுர மீட்டருக்கு மேற்பட்ட மனைப்பிரிவில், சாலை நீங்கலான பரப்பில் பத்தில் ஒரு பங்கைத் திறந்தவெளி ஒதுக்கீடாக விட வேண்டும் என்பது விதி. எங்கள் மூன்று ஏக்கர் 12,140 சதுர மீட்டர் என்பதால் அதிலிருந்து விலக்கு இல்லை. முதல் வரைபடத்தில் அந்த ஒதுக்கீடு யாருக்கும் வேண்டாத மூலையில் இருந்தது. அதை உடைத் திட்டின் மேல் நகர்த்துங்கள் என்று அறிக்கை சொன்ன ஒரு யோசனையே கொடுத்த பணத்துக்கு ஈடு என்பேன். தானமாக ஒப்படைத்த பிறகு அந்த இடம் உள்ளாட்சியின் கையில் போய்விடும் என்பதால், ஒப்படைப்புக் கடிதத்தோடு மரப்பட்டியலையும் இணைத்திருக்கிறோம்.

சீமைக்கருவேலத்தை அகற்றும் முறையையும் எழுதியிருந்தார்கள். தரைமட்டத்தில் வெட்டினால் மறுபடியும் துளிர்க்கும், தூரோடு தோண்ட வேண்டும். ஆனால் காக்க வேண்டிய மரங்களின் வட்டத்துக்குள் இயந்திரம் இறங்கக் கூடாது, கடப்பாரையும் மண்வெட்டியும்தான். கூலி கூடியது, கரிமூட்டம் போடுகிறவர் விறகை விலைக்கு எடுத்துக்கொண்டதில் பாதி ஈடாயிற்று.

இனிக் குறைகள். முதலாவதும் பெரியதும் பனை. பன்னிரண்டு மடங்கு விதியை முதல் அறிக்கையில் பனைக்கும் அப்படியே போட்டிருந்தார்கள். 41 செ.மீ. விட்டமுள்ள பனைக்கு ஏறத்தாழ ஐந்து மீட்டர் ஆரம் வருகிறது. வரப்பில் வரிசையாக நிற்கும் பனைகளுக்கு அப்படிப் போட்டால் நிலத்தின் ஒரு பக்கமே முடங்கிவிடும். பனையின் வேர் தண்டின் அடியிலிருந்து நாராகக் கிளம்புவது, வேம்பின் வேரைப் போலக் கிளைத்துப் பருத்து ஓடுவதில்லை என்று நாங்கள் எடுத்துச் சொன்ன பிறகு, தண்டிலிருந்து 2 மீட்டர் வரை தோண்டவும் மண் ஏற்றவும் கூடாது என்று திருத்திக் கொடுத்தார்கள். அந்தத் திருத்தத்தோடு சாலை நான்கு மீட்டர் மேற்கே தள்ளியது, மனைகள் 36இலிருந்து 35 ஆயின, பனைகளில் மூன்றைத் தவிர அனைத்தும் நின்றன.

இரண்டாவது குறை வடலிகள், அதாவது இளம் பனைகள். 75 மில்லிமீட்டருக்குக் குறைந்த தண்டுள்ளவற்றை அளவில் சேர்ப்பதில்லை என்பது அவர்கள் பின்பற்றிய முறை. வடலிக்குத் தண்டே வெளியே தெரியாது. பல ஆண்டுகள் ஓலை மட்டும் விசிறியாகத் தரையிலிருந்து கிளம்பி நிற்கும். அதனால் ஒரு வடலிகூட அறிக்கையில் வரவில்லை. எங்கள் ஊர்ப் பனையேறி ஒருவர் வரைபடத்தைப் பார்த்துவிட்டு, "மரத்தையெல்லாம் எழுதிட்டாக, பிள்ளைகளை விட்டுட்டாகளே" என்றார். அவரே முன்னால் நடந்து காட்ட, மாசியில் குழு மீண்டும் வந்து 47 வடலிகளைக் குறித்தது. அதற்குத் தனிக் கட்டணம் கேட்கவில்லை என்பதை நன்றியோடு பதிவு செய்கிறேன். நடவு செய்த பனை பாளை விடப் பன்னிரண்டு, பதினைந்து ஆண்டுகள் ஆகும். நன்றாக வேரூன்றியதைப் பெயர்த்து நட்டுப் பிழைக்கவைப்பது மிகக் கடினம். ஆகவே இந்தக் கரையில் மதிப்பீடு செய்ய வருகிறவர்கள் வடலியைத் தனிப் பட்டியலாக எடுப்பதை வழக்கமாக்க வேண்டும். ஆண்பனை, பெண்பனை என்ற பிரிவையும் சேர்த்தால் நல்லது. பதநீரும் நுங்கும் பார்க்கிற குடும்பத்துக்கு அது முக்கியம்.

அனுமதி பற்றிய பகுதியும் மெலிந்திருந்தது. பனையை வெட்ட மாவட்ட ஆட்சியரின் அனுமதி வேண்டும் என்று 2021இல் தமிழக வேளாண் நிதிநிலை அறிக்கையில் அறிவிக்கப்பட்டது. அதைப் பற்றி ஒரே ஒரு வரிதான் இருந்தது. விண்ணப்பத்தோடு என்னென்ன இணைப்பது என்பதை நாங்களே அலைந்து தெரிந்துகொண்டோம். வெட்ட வேண்டிய மூன்று பனைகளுக்கும் அவர்கள் எடுத்த எண், இடக்குறிப்பு, புகைப்படம் ஆகியவை விண்ணப்பத்தில் பயன்பட்டன என்பது வேறு.

அறிக்கை முழுவதும் ஆங்கிலத்தில் வந்தது எனக்கு வருத்தம். கொத்தனாரும் பொக்லைன் ஓட்டுநரும் படிக்க வேண்டிய பக்கம் அதில் ஒன்றாவது தமிழில் இருந்திருக்க வேண்டும். என் மகள் இரண்டு பக்கத்தில் தமிழில் எழுதி, மரங்களைப் பச்சை, மஞ்சள், சிவப்பு என்று நிறமிட்டு, களத்துக் கொட்டகையில் ஒட்டினாள். வேலையாட்கள் பார்த்ததும் கேட்டதும் அந்தத் தாளைத்தான்.

அரை ஏக்கருக்கும் குறைந்த நிலத்தில் நாலைந்து மரம் மட்டும் இருப்பவர்களுக்கு இவ்வளவு செலவு தேவைப்படாது; அனுபவமுள்ள ஒருவரை அழைத்து வேர்வட்டத்தை மட்டும் குறித்துக்கொள்ளலாம். ஒரு ஏக்கருக்கு மேல் மனை பிரிப்பவர்களுக்கு, வரைபடம் போடும் முன்பே இவர்களைப் போன்ற குழுவை அழைக்கச் சொல்வேன். கட்டுமானத்தின்போது பார்வையிடுவது இந்தக் கட்டணத்தில் சேராது. ஒரு வருகைக்கு 4,000 ரூபாய். புரட்டாசியில் ஒருமுறை வரவழைத்தோம். கம்பு நட்டுக் கயிறு கட்டிய வேலிகள் எல்லாம் அப்படியே இருந்தன. கிணற்றடி வேம்பின் வட்டத்துக்குள் மட்டும், நிழலாக இருக்கிறது என்று வேலையாட்கள் சிமென்ட் கலவை போட்டிருந்தார்கள். கெட்டிப்பட்ட கலவையைக் கொத்தி எடுத்து, இறுகிய மண்ணைக் கையால் கிளறி, சருகு பரப்பச் சொல்லிவிட்டுக் குழுவினர் போனார்கள். தை பிறந்ததும் அந்த ஒரு மரத்தைப் பார்க்க மறுபடியும் வருகிறார்கள்.