ஆப்பிரிக்காவில் கிராண்ட் கொடுப்பவர்கள்: வாங்குகிற பக்கத்திலிருந்து ஒரு விமர்சனம்

கிராண்ட், அதாவது தொண்டு அமைப்புகளுக்குத் திருப்பித் தர வேண்டாத நிதி, கொடுப்பதும் ஒரு சேவைதான். ஆனால் வாங்குகிறவர்கள் அதைப் பற்றி வாய் திறப்பது அபூர்வம், அடுத்த வருடப் பணம் போய்விடுமோ என்ற பயம். கென்யா, உகாண்டா, நைஜீரியா பக்கம் இயங்கும் சின்ன அமைப்புகளுக்கு ப்ரபோசல், பட்ஜெட், ரிப்போர்ட் எல்லாம் எழுதிக் கொடுப்பது என் வேலை. அதனால் இது முழுக்க வாங்குகிற பக்கத்துப் பார்வை. என் கருத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: அறக்கட்டளையின் பெயர், கையிருப்பு, இணையதளத்தில் போட்டிருக்கும் கொள்கை இவை எல்லாவற்றையும்விட, உங்கள் ஃபைலைக் கையில் வைத்திருக்கும் புரோகிராம் ஆபீசருக்கு (கிராண்டுகளைக் கவனிக்கும் அறக்கட்டளை ஊழியர்) அந்த நாடு எவ்வளவு தெரியும், அவர் சொன்னால் மேலிடம் கேட்குமா என்பதுதான் முக்கியம்.

நைஜீரியாவையே எடுத்துக்கொள்ளுங்கள். 2023 மே கடைசியில் டினுபு அதிபராகப் பதவியேற்ற அன்றே பெட்ரோல் மானியம் இனி இல்லை என்று அறிவித்தார், ஜூனில் அந்நாட்டு நாணயமான நைராவின் மதிப்பைச் சந்தையின் போக்குக்கு விட்டார்கள். டாலருக்கு சுமார் 460 நைராவாக இருந்தது 2024 தொடக்கத்திலேயே 1,500 பக்கம் போய்விட்டது. டாலரில் கணக்குப் பார்க்கும் ஒருவருக்கு இது லாபம் மாதிரித் தெரியும், அதே பணத்துக்கு எவ்வளவு நைரா கிடைக்கிறது பாருங்கள் என்பார். களத்தில் என்ன நடந்தது என்றால், ஜெனரேட்டருக்கு டீசல், ஊருக்கு ஊர் போகும் வண்டிச் செலவு, அரிசி எல்லாம் ஏறி, ஊழியர்கள் வாங்கும் சம்பளத்தில் வேலைக்கு வந்து போவதே பெரும்பாடாகிவிட்டது. கிராண்டை நைராவிலேயே கையெழுத்துப் போட்டவர்கள் நிலையைச் சொல்லவே வேண்டாம்.

அந்த நேரத்தில் ஒரு வெளிநாட்டு அறக்கட்டளையிடம் (பெயர் வேண்டாம்) பயிற்சிக் கூட்டத்துக்கு ஒதுக்கிய பணத்தில் கொஞ்சத்தைப் போக்குவரத்துக்கு மாற்றிக்கொள்ள அனுமதி கேட்டோம். கூடுதலாக ஒரு டாலர்கூடக் கேட்கவில்லை. ஒரு படிவம் வந்தது, அப்புறம் அந்தப் படிவத்தை நிரப்ப ஒரு வழிகாட்டி வந்தது, அப்புறம் எங்கள் ஆபீசர் வேறு துறைக்குப் போய்விட்டார் என்று மெயில் வந்தது. புதிதாக வந்தவர் நல்லவர்தான், ஆனால் பெட்ரோல் விலைக்கும் எங்கள் கூட்டத்துக்கும் என்ன சம்பந்தம் என்பதிலிருந்து விளக்க வேண்டியிருந்தது. அனுமதி கிடைத்தபோது அந்தக் காலாண்டே முடிந்திருந்தது. அதே சமயத்தில் இன்னொரு ஃபண்டரின் (நிதி கொடுப்பவரின்) ஆபீசர், லாகோஸில் பல வருடம் இதே வேலையில் இருப்பவர், நாங்கள் கேட்பதற்கு முன்பே போன் செய்தார். எந்தத் தலைப்பிலிருந்து எதற்கு வேண்டுமானாலும் மாற்றிக்கொள்ளுங்கள், காரணத்தை ஒரே ஒரு பக்கத்தில் எழுதி அனுப்புங்கள், மற்றதை நான் பார்த்துக்கொள்கிறேன் என்றார். இரண்டு பேரும் கொடுத்த தொகை ஏறத்தாழ ஒன்றுதான். கிடைத்த சேவை ஒன்றே அல்ல.

இந்த அனுபவம் எங்கிருந்து வருகிறது? என் பார்வையில், ஒரு காலத்தில் கேட்கிற பக்கம் உட்கார்ந்திருந்தவர்களிடம் அது அதிகம். அக்ராவில் தலைமையகம் வைத்திருக்கும் ஆப்பிரிக்கப் பெண்கள் மேம்பாட்டு நிதியம் இதற்கு நல்ல உதாரணம். 2000இல் அதைத் தொடங்கிய மூவர்: நைஜீரியாவின் பீசி அடெலேயே ஃபாயெமி, கானாவின் ஜோனா ஃபாஸ்டர், உகாண்டாவின் ஹில்டா டாட்ரியா. மூவருமே பெண்கள் இயக்கத்திலிருந்து வந்தவர்கள், அமைப்பு நடத்திப் பார்த்தவர்கள், வாடகையும் கணக்காளர் சம்பளமும் எந்தத் திட்டத்தின் தலையிலும் கட்ட முடியாமல் தவிப்பது எப்படி இருக்கும் என்று தெரிந்தவர்கள். அதனால்தானோ என்னவோ, திட்டச் செலவோடு நிற்காமல் அமைப்பே நிலைத்து நிற்பதற்கான பணமும் பயிற்சியும் அங்கே ஆரம்பம் முதலே பேச்சில் இருக்கிறது. குறை என்று சொன்னால், கேட்பவர்கள் கூட்டம் மிகப் பெரிது. நல்ல ப்ரபோசலுக்கும் முடியாது என்ற பதில் வரலாம், அதற்கு மனதைத் தயார் செய்துகொண்டே விண்ணப்பியுங்கள்.

நைரோபியில் 1997இல் தொடங்கிய கென்யா சமூக மேம்பாட்டு அறக்கட்டளை வேறு ரகம். ஊர் அமைப்புகள் தங்களுக்கென்று ஒரு நிரந்தர நிதி சேர்த்து, முதலைத் தொடாமல் அதில் வரும் வருமானத்தைப் படிப்புச் செலவு போன்றவற்றுக்குப் பயன்படுத்த இவர்கள் வழி செய்கிறார்கள். கென்யாவில் ஹராம்பே என்று ஊர் கூடிப் பணம் திரட்டுவதும், சாமா என்று குழுவாகச் சேமிப்பதும் வீட்டுக்கு வீடு தெரிந்த விஷயம், 2007இல் போன் வழியாகப் பணம் அனுப்பும் எம்-பெசா சேவை வந்த பிறகு அது போனிலேயே நடக்கிறது. வெளியிலிருந்து வரும் பல ஃபண்டர்கள் இந்த மக்களைக் கை ஏந்துபவர்களாக மட்டும் பார்க்கிறார்கள், எனக்கு அதில் நிஜமாகவே கோபம் வரும். ஏற்கெனவே கொடுத்துக்கொண்டிருப்பவர்களோடு சேர்ந்து கொடுப்பதுதான் மரியாதை. இந்த விஷயத்தில் இவர்களுக்கு முழு மதிப்பெண். அவசரமாகப் பணம் தேவைப்படுகிறவர்களுக்கு இது பொருந்தாது, நிரந்தர நிதி சேர வருடங்கள் ஆகும்.

டோனி எலுமெலு அறக்கட்டளையைப் பற்றியும் பலர் கேட்கிறார்கள். அது தொழில் தொடங்குகிறவர்களுக்கானது, ஆப்பிரிக்காவின் 54 நாடுகளிலிருந்தும் விண்ணப்பிக்கலாம், பயிற்சியும் வழிகாட்டியும் 5,000 டாலரும் தருவார்கள், திருப்பிக் கட்ட வேண்டாம். தொண்டு அமைப்புக்குப் பணம் தேடுகிறவர்கள் அங்கே போய் நேரத்தைச் செலவழிக்க வேண்டாம்.

பழைய கைகளால், அதாவது இந்த வேலையில் நீண்ட அனுபவம் உள்ளவர்களால், எதைச் செய்ய முடியும் என்பதற்கு நான் அடிக்கடி சொல்வது தென்னாப்பிரிக்காவைத்தான். அட்லாண்டிக் பிலான்த்ரபீஸ் என்ற அறக்கட்டளை அங்கே மனித உரிமை அமைப்புகளுக்குக் கொடுத்த காலத்தில் அந்த வேலையை நடத்தியவர்களில் ஒருவர் ஜெரால்ட் க்ராக், நிறவெறி அரசின் கட்டாய ராணுவ சேவையை மறுத்து வெளிநாட்டில் வாழ்ந்து திரும்பியவர், 2014இல் காலமானார். வழக்கு நடத்துவதும் மக்களைத் திரட்டுவதும் ஒரு வருடத்தில் எண்ணிக் காட்டக்கூடிய வேலை இல்லை. 1998இல் தொடங்கிய டிரீட்மென்ட் ஆக்‌ஷன் கேம்பெயினைப் பாருங்கள். தாயிடமிருந்து குழந்தைக்கு எச்ஐவி பரவாமல் தடுக்கும் நெவிரபின் மருந்தை அரசு கொடுத்தே ஆக வேண்டும் என்ற தீர்ப்பை 2002இல் அரசியலமைப்பு நீதிமன்றத்தில் வாங்கியது அந்த இயக்கம். எத்தனை பேருக்குப் பயிற்சி கொடுத்தீர்கள் என்று மூன்று மாதத்துக்கு ஒருமுறை கேட்கிற ஃபண்டரை வைத்துக்கொண்டு இப்படிப்பட்ட வேலையைத் தாங்க முடியாது. அட்லாண்டிக்கும் பின்னாளில் இந்த இயக்கத்துக்கு உதவியது. தன் பணம் முழுவதையும் செலவழித்துவிட்டு மூடப் போகிறோம் என்று பல வருடம் முன்பே அறிவித்து, 2016இல் கிராண்ட் கொடுப்பதை முடித்து, 2020இல் கதவைச் சாத்தியது. முன்கூட்டியே சொல்லிவிட்டுப் போவதும் சேவையில் சேர்த்திதான்.

சொல்லாமல் போனால் என்ன ஆகும் என்பதை 2025 ஜனவரியில் பார்த்தோம். அமெரிக்க அரசு வெளிநாட்டு உதவியை நிறுத்தி வைத்தது, ஜூலை 1ஆம் தேதியோடு அந்த உதவியை வழங்கிவந்த யுஎஸ்எய்ட் அமைப்பின் வேலையே முடிந்தது. கிளினிக் நடத்தியவர்கள் ஊழியர்களை வீட்டுக்கு அனுப்பினார்கள். அந்த வாரங்களில் எந்த ஃபண்டர் தானாகக் கூப்பிட்டு, அடுத்த தவணையை முன்னாலேயே அனுப்பட்டுமா என்று கேட்டார், யார் மௌனமாக இருந்தார் என்பதை எல்லா அமைப்புகளும் மனதில் குறித்து வைத்திருக்கின்றன.

இன்னொன்று, பேப்பர் வேலை. அமெரிக்கத் தனியார் அறக்கட்டளைகள் வெளிநாட்டு அமைப்புக்குக் கொடுக்கும்போது, ஒன்று அந்த அமைப்பு தங்கள் நாட்டுப் பொது அறக்கட்டளைக்குச் சமம் என்று உறுதி செய்ய வேண்டும், இல்லாவிட்டால் பணம் போன வழியைத் தனியாகக் கண்காணித்து அறிக்கை வாங்க வேண்டும். இது சட்டம், ஆபீசரைத் திட்டிப் பயனில்லை. ஆனால் அனுபவம் உள்ளவர் எது சட்டம் கேட்பது, எது தங்கள் அலுவலகத்தின் பழக்கம் மட்டும் என்று பிரித்துச் சொல்வார், பழக்கத்தைக் குறைத்தும் கொடுப்பார். புதியவர் இரண்டையும் சேர்த்து உங்கள் தலையில் வைப்பார்.

மதிப்பெண் கேட்டால், ஆப்பிரிக்காவிலேயே வேரூன்றிய பழைய கைகளுக்கு ஐந்துக்கு நாலரை, அரை மதிப்பெண் குறைத்தது அவர்களிடம் பணம் போதாததற்கு. மூன்று வருடத்துக்கு ஒருமுறை ஆளையும் கொள்கையையும் மாற்றும் பெரிய அறக்கட்டளைகளுக்கு இரண்டரை, அங்கேயும் அருமையான ஆட்கள் இருக்கிறார்கள் என்பதால்தான் அவ்வளவு. விண்ணப்பிக்கப் போகிறவர்கள் முதல் பேச்சிலேயே தயங்காமல் இரண்டு கேள்வி கேளுங்கள்: பட்ஜெட்டில் எந்த அளவு மாற்றம் உங்கள் கையெழுத்திலேயே முடியும், எது போர்டு வரை போகும்? எங்களுக்கு முன்னால் இந்த நாட்டில் நீங்கள் கொடுத்த யாரோடு நாங்கள் பேசலாம்?