பாரிமுனை நடைபாதைக் குடும்பங்களுக்கு எது சரி: காப்பகமா, பெரும்பாக்கம் வீடா?

சென்னை பாரிமுனையில் நடைபாதையை அகலப்படுத்தும் பேச்சு வந்தாலே எங்கள் தெருவில் இதே வாக்குவாதம்தான். "வீடற்றோர் காப்பகத்தில் சேர்த்துவிடுங்கள்" என்பார் ஒருவர். "ஊருக்குத் தெற்கே பெரும்பாக்கத்தில் அரசு கட்டிய அடுக்குமாடியில் வீடு கொடுங்கள்" என்பார் இன்னொருவர். இங்கே படுப்பவர்களை யாரும் கேட்பதில்லை.

செலவு:
காப்பகத்தில் தங்க வாடகை கிடையாது.
வீட்டில் பராமரிப்புக் கட்டணம், மின்கட்டணம், தினமும் பஸ் செலவு.

குடும்பம்:
காப்பகங்கள் பெரும்பாலும் ஆண்களுக்குத் தனி, பெண்களுக்குத் தனி. புருஷன் ஒரு பக்கம், பெண்டாட்டி ஒரு பக்கம். ஸ்டவ், குடம், தார்ப்பாய் வைக்கவும் இடமிருக்காது.
வீட்டில் கதவைச் சாத்திக்கொள்ளலாம். வயசுப்பெண் உள்ள தாய்க்கு அதைவிட வேறென்ன வேண்டும்?

பிழைப்பு:
இங்கேதான் சிக்கல். பூக்கடையில் விடிவதற்குள் பூ வாங்கி, அங்கேயே தொடுத்து, பத்து மணிக்குள் விற்றுவிடுகிற அம்மாவுக்குப் பெரும்பாக்கம் 25 கிலோமீட்டருக்கு மேல். முதல் பஸ்ஸைப் பிடித்து வந்தாலும் நல்ல பூ போய்விட்டிருக்கும். எட்டு மாடிக் கட்டடத்தில் லிஃப்ட் நின்றுபோனால் கூடையோடு படியேற வேண்டும். வீட்டைப் பூட்டிவிட்டு மறுபடி இங்கேயே வந்து படுப்பவர்களைப் பார்த்திருக்கிறேன். சோம்பேறித்தனம் இல்லை அது, கணக்கு.

நிலைப்பு:
காப்பகம் தற்காலிகம், நிலையான முகவரியாகாது.
வீட்டுக்கான ஒதுக்கீட்டு ஆணை கையில் இருந்தால் ரேஷன் கார்டு, பள்ளிச் சேர்க்கை எல்லாம் சுலபம்.

தனியாள், முதியவர், ஆஸ்பத்திரிக்கு நோயாளியோடு வந்தவர் என்றால் காப்பகம் போதும். லட்சம் பேருக்கு ஒரு காப்பகம், அதுவும் 24 மணி நேரமும் திறந்திருக்க வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் 2010இலேயே சொல்லியாயிற்று. பிள்ளைகளோடு இருப்பவர்களுக்கு வீடுதான், ஆனால் வடசென்னைக்குள். பெரும்பாக்கம், அந்தப் பக்கமே வேலை கிடைத்தவர்களுக்குப் பொருந்தும்.