ஒன்பதாயிரம் ரூபாய்ப் பற்றறியும் ஒரு முழ வயரும்

புதுப் பற்றறி போட்டு மூன்றாம் நாள், வெள்ளிக்கிழமை. செல்வச்சந்நிதியில் கும்பிட்டுவிட்டு வந்து மோட்டர்சைக்கிளின் செல்ஃபை (ஸ்ரார்ட் பட்டனை) அமத்தினால் 'டிக்' என்று ஒரு சத்தம். அவ்வளவுதான். ஹோர்ன் அடித்தால் கோயில் மாடு திரும்பிப் பார்க்கிற அளவுக்குக் கத்துகிறது, லைற் பளிச்சென்று எரிகிறது, மோட்டர் மட்டும் சுத்துதில்லை. இந்த வண்டியில் உதைக்கிறதுக்குக் கிக்கரும் இல்லை. அம்மா அர்ச்சனைத் தட்டோடு நிற்கிறா. வேட்டியை மடித்துக் கட்டி, இரண்டாம் கியரில் போட்டு, தொண்டைமானாற்று மணலுக்குள் தள்ளினேன். வயது 51. பார்த்த பெடியன் ஒருத்தன் "அண்ணை, வெளிநாடோ?" என்று கேட்டபடி வந்து கை குடுத்தான்.

கனடாவிலிருந்து ஊருக்குப் போன பயணத்தில் பிளைற், கலியாணவீடு, சாப்பாடு எல்லாம் நல்லாத்தான் போனது. அதை விடுங்கோ. இந்தக் கதையை எழுதாமல் எனக்கு நித்திரை வராது.

வண்டி மச்சானுடையது. அவர் வவுனியாவில் வேலை, சனி ஞாயிறுதான் பருத்தித்துறைக்கு வருவார். "ஓடித் திரியுங்கோ" என்று திறப்பைத் தந்துவிட்டுப் போனார். முதல் நாள் காலமை வண்டி ஸ்ரார்ட் வரவில்லை, மத்தியானம் எழும்பினது. அடுத்த நாள் நேர்மாறு. ரவுனில் ஒரு கடைக்குக் கொண்டுபோனேன், பேர் வேண்டாம். நான் சீற்றிலிருந்து இறங்க முன்னமே கடைப் பெடியன் சத்தத்தைக் கேட்டுத் தீர்ப்புச் சொன்னான்: "பற்றறி செத்துப் போச்சு." வோல்ற் மீற்றர் வைக்கவில்லை. ஒன்பதாயிரம் ரூபா. பழையதை அவனே எடுத்து மேசைக்குக் கீழே தள்ளிவிட்டான். புதியதைப் பூட்டினதும் உடனே ஸ்ரார்ட் வந்தது. எனக்கும் சந்தோஷம். ஸ்காபரோவில் மைனஸ் இருபதில் கார் எழும்பாவிட்டால் நாங்களும் பற்றறியைத்தானே முதலில் சந்தேகப்படுவோம்.

மணலில் தள்ளின பிறகு அந்தக் கடைக்கே திரும்பிப் போனேன். "அப்ப செல்ஃப் மோட்டர் போயிருக்கும், கழட்டிப் பாக்கவேணும்" என்றான். பற்றறியைத் திருப்பி எடுப்பியளோ என்று கேட்டேன். சிரித்தான். கனடாவில் பில்லைக் காட்டினால் கேள்வி இல்லாமல் எடுப்பார்கள் என்று வாய்வரை வந்தது. என்னிடம் பில்லே இல்லை.

பக்கத்து வீட்டு அக்காதான் ஒரு பழைய கராச்சுக்காரரைக் காட்டிவிட்டா. காலமை ஒன்பதுக்கு வரச் சொன்னவர் பதினொன்றுக்குத்தான் கதவைத் திறந்தார். இரண்டு மணித்தியாலம் வேப்பமரத்துக்குக் கீழே நின்று மனதுக்குள் திட்டித் தீர்த்தேன். கனடாவில் இப்படி நடந்தால் இணையத்தில் நட்சத்திரம் ஒன்றுதான் போடுவோம்.

ஐயா வந்து, டேப் சுத்தின ஒரு மலிவு மீற்றரை எடுத்தார். பற்றறியில் வைத்தார்: 12.7 வோல்ற். "இது நல்ல சாமான். இப்ப அமத்துங்கோ தம்பி." டிக். மீற்றர் 12.4இல் நின்றது. "பாத்தீங்களோ? பற்றறி ஏலாததெண்டால் இது பத்துக்குக் கீழ விழும். மோட்டர் சுத்தினாலும் கொஞ்சம் விழத்தானே வேணும். இது விழேல்லை. கரண்டு வெளிக்கிடவே இல்லை."

பிறகு செய்ததுதான் எனக்குப் பிடித்தது. மீற்றரின் ஒரு முனையைப் பற்றறியின் மைனஸில் வைத்தார், மற்றதை எஞ்சின் உடம்பில் சுரண்டின இடத்தில். "அமத்துங்கோ." 11.8. "அரை வோல்ற்றுக்குக் கீழ நிக்கவேண்டிய இடம்" என்று சொல்லிக்கொண்டே பற்றறி மைனஸை எஞ்சினோடு இணைக்கிற எர்த் வயரின் நுனியைப் பிளேற்றால் கீறினார். வெளியே கறுப்புத் தோல் புதுசு மாதிரி இருந்தது. உள்ளே செம்பு பச்சைத் தூளாகக் கொட்டுண்டது. தும்பு மாதிரி நாலைந்து கம்பிதான் மிச்சம். கடற்கரை உப்புக்காற்று. ஹோர்னுக்கு இரண்டு மூன்று அம்பியர் போதும், அந்த நாலு கம்பி காணும். செல்ஃப் மோட்டர் இழுக்கிறது அதைப்போல இருபது முப்பது மடங்கு. வயரைக் கொஞ்சம் வளைத்துப் பிடித்து அமத்தச் சொன்னார், எழும்பினது. விட்டார், டிக். கடைக்காரன் பற்றறி மாத்தேக்க வயர் தற்செயலாய் நல்ல பக்கம் திரும்பியிருக்கு.

தடிச்ச வயரில் ஒரு முழம் வெட்டி, நுனியை ஈயம் வைத்து ஒட்டி, கிறீஸ் பூசிப் பூட்டினார். எஞ்சினை முறுக்கிச் சார்ஜும் பார்த்தார், 14.2. "அதில பிழை இல்லை" என்றார். மொத்தம் அறுநூறு ரூபா. ரொறன்ரோவில் வண்டியைத் தொடுகிறதுக்கே நூறு டொலர் கேட்பார்கள்.

ஐயா எந்த நாளில் தொழில் பழகினவர் என்று கேட்க வேண்டியிருக்கவில்லை. யுத்தத்தால் பெற்றோலுக்கும் ரோச் பற்றறிக்கும் தடை இருந்த 90களில் அப்பாவின் ஹொண்டா 50 மண்ணெண்ணெயில்தான் ஓடினது. காபரேற்றருக்குள் இரண்டு சொட்டுப் பெற்றோல் விட்டு உதைக்கிற வித்தை உங்களுக்குத் தெரியாததே. சைக்கிள் டைனமோ சுத்திப் பாட்டுக் கேட்ட சனம், சத்தத்தை மட்டும் கேட்டுப் பற்றறி விற்கிற கடைக்கு எப்படிப் போய்ச் சேர்ந்தேன் என்று எனக்கே விளங்கவில்லை.

சனிக்கிழமை மச்சான் வந்தார். முழுக் கதையையும் பெருமையாகச் சொன்னேன். அவர் பிளேன்ரீயை வைத்துவிட்டுப் பக்கமூடியைத் திறந்து பார்த்தார்.

"என்ர பற்றறி எங்க? ஆவணியில போட்டது."

"அது..."

"ஐயோ அத்தான், உந்த வயரைத்தானே! எழும்பாட்டி கையை விட்டு ஒருக்கா ஆட்டுறனான். சொல்ல மறந்துபோனன்."