மாசாய் மாராவா, சாவோவா? கென்யாவில் ஒரு வாரம் கிடைத்தால் எங்கே போகலாம்

கென்யா போவது முடிவாகிவிட்டது, கையில் ஒரு வாரம்தான் இருக்கிறது என்றால், யாரைக் கேட்டாலும் மாசாய் மாரா என்றுதான் சொல்வார்கள். பயண முகவர்களும் முதலில் அதைத்தான் நீட்டுவார்கள். தொலைக்காட்சியில் பார்த்து நம் மனதில் பதிந்த ஆப்பிரிக்காவும் மாராதான்: கண்ணுக்கு எட்டிய தூரம் வரை புல்வெளி, நடுவில் குடை விரித்தாற்போல் ஒற்றை மரம், அதன் நிழலில் ஒரு சிங்கக் குடும்பம். அதே நாட்டில், நைரோபிக்கும் மொம்பாசாவுக்கும் இடையே, மாராவைப் போலப் பதினைந்து மடங்கு பரப்பில் சாவோ என்ற தேசியப் பூங்காப் பகுதி கிடக்கிறது. கடற்கரைக்குப் போகும் வழியில் ஒரு ராத்திரி தங்கும் இடமாகத்தான் பெரும்பாலான பயணத் திட்டங்களில் அதற்கு இடம் கிடைக்கிறது.

விலங்குகளைப் பார்த்தால் போதும் என்பவர் மாராவுக்கே போகலாம். விலங்கோடு சேர்த்து அந்த மண்ணில் நடந்ததையும் பார்க்க வேண்டும் என்பவருக்கு நான் சாவோவைத்தான் சொல்வேன். இப்படிச் சொல்வதால் மாராவின் பெருமை ஒன்றும் குறைந்துவிடாது. முதலில் அதைப் பேசிவிடலாம்.

விலங்குகள்

மாசாய் மாரா தேசியக் காப்பகத்தின் பரப்பு சுமார் 1,510 சதுர கிலோமீட்டர். அந்தச் சின்ன இடத்தில் சிங்கம், சிறுத்தை, சிவிங்கிப்புலி, யானை, எருமை எல்லாம் நெருக்கமாக வாழ்கின்றன. புல்வெளி திறந்து கிடப்பதால் மறைவு குறைவு. வழிகாட்டிகளும் எங்கே எது நிற்கிறது என்று தங்களுக்குள் சொல்லிக்கொள்கிறார்கள். இரண்டு நாள் இருந்தால் சிங்கத்தைப் பார்க்காமல் திரும்புவது அரிது. குழந்தைகளோடு போகிறவர்களுக்கு இது பெரிய விஷயம். மணிக்கணக்கில் புதரையே வெறித்துக்கொண்டிருக்க அவர்களால் முடியாது.

அதற்கு மேல், ஜூலை முதல் அக்டோபர் வரை அந்தப் பெரும் இடப்பெயர்ச்சி. தான்சானியாவின் செரங்கெட்டியிலிருந்து பத்து லட்சத்துக்கும் மேற்பட்ட வில்டபீஸ்ட் என்ற பெரிய மான்கள் மழையையும் புதுப்புல்லையும் தேடி வட்டமாகச் சுற்றி வருகின்றன. வரிக்குதிரைகளும் கூடவே வரும். அந்த வட்டத்தின் வடக்கு முனைதான் மாரா. முதலைகள் காத்திருக்கும் மாரா ஆற்றில் அவை பாய்ந்து கடப்பதைப் பார்க்க உலகமே வந்து நிற்கிறது. ஆனால் அது நேரம் குறித்து நடக்கிற நிகழ்ச்சி அல்ல. கரைக்கு வந்த மந்தை அரை நாள் நின்றுவிட்டு, ஒன்றும் செய்யாமல் திரும்பிப் போவதும் உண்டு. ஆகஸ்ட் மாதத்தில் ஒரே துறையில் டஜன் கணக்கில் வண்டிகள் குவிந்து, கரையேற வரும் விலங்குகளின் வழியையே அடைத்துக்கொள்வதும் நடக்கிறது. இந்த ஒன்றுதான் மாராவில் என்னால் ஏற்க முடியாதது. பார்க்க வந்தவர்களே பார்க்க வந்ததைக் குலைக்கிறார்கள். அந்த மாதங்களில் போவதானால் ஆற்றுக்கு மேற்கே உள்ள மாரா முக்கோணப் பகுதியில் தங்குங்கள். 2001 முதல் அதைத் தனி அமைப்பு ஒன்று நிர்வகிக்கிறது. விதிகள் அங்கே கண்டிப்பாக இருக்கும்.

சாவோ இப்படிக் கையைப் பிடித்து அழைத்துப் போய்க் காட்டாது. கிழக்குச் சாவோ 13,747 சதுர கிலோமீட்டர், மேற்குச் சாவோ 9,065. நடுவே மொம்பாசா நெடுஞ்சாலையும் ரயில் பாதையும் ஓடுகின்றன. பெரும்பகுதி முள்காடு. மழைக்குப் பின் இலை தழைத்துவிட்டால் பத்தடி தள்ளி யானை நின்றாலும் தெரியாது. அதனால் இங்கே மாதம் பார்த்துப் போவது முக்கியம். ஜூன் முதல் அக்டோபர் வரை, இல்லையென்றால் ஜனவரி, பிப்ரவரி. காடு காய்ந்து கிடக்கும், விலங்குகள் தாமே தண்ணீரைத் தேடி வரும். கிழக்கில் ஆருபா அணை, கலானா ஆற்றங்கரை, முதாண்டா பாறை ஆகிய மூன்று இடங்களில் பொறுமையாக உட்கார்ந்தால் போதும்.

வருவது பெரும்பாலும் யானையாக இருக்கும், அதுவும் செங்கல் நிறத்தில். சாவோவின் செம்மண்ணை அவை மேலே வாரி இறைத்துக்கொள்வதால் வந்த நிறம் அது. 2021 கணக்கெடுப்பின்படி கென்யாவில் இருந்த சுமார் 36,000 யானைகளில் ஏறக்குறைய 15,000 சாவோ வட்டாரத்தில் இருந்தன. யானைதான் உங்கள் ஆசை என்றால் இதற்கு மேல் ஒப்பிட ஒன்றுமில்லை. தந்தம் தரையைத் தொடுமளவு வளர்ந்த கிழட்டுக் கொம்பன்கள் சில இன்னும் உயிரோடு உலவுகிற அபூர்வமான இடமும் இதுவே.

இங்கே சிங்கம் உண்டு, ஆனால் தேட வேண்டும். ஆண் சிங்கங்கள் பலவற்றுக்குப் பிடரி மயிரே இருக்காது, அல்லது பேருக்கு நாலு மயிர் இருக்கும். பின்னங்காலில் நிமிர்ந்து நின்று இலை பறிக்கும் ஜெரனுக் மான், நீலமும் வெள்ளையும் கலந்த கழுகுத்தலைக் கினிக்கோழி ஆகியவற்றை மாராவில் எதிர்பார்க்க முடியாது. மேற்குச் சாவோவில் உள்ள முசிமா ஊற்றை விட்டுவிடாதீர்கள். சியுலு குன்றுகளின் எரிமலைப் பாறைக்குள் வடிந்து இறங்கும் மழைநீர் அங்கே பளிங்காகப் பொங்கி வருகிறது. நீர்யானைகள் நீருக்குள் நடப்பதைப் பார்க்க ஓர் அறையே கட்டி வைத்திருக்கிறார்கள். மொம்பாசா நகரம் குடிக்கும் தண்ணீரில் ஒரு பங்கு இங்கிருந்துதான் குழாயில் போகிறது. பறவைப் பிரியர்கள் நவம்பர், டிசம்பரில் இங்குலியா பக்கம் போகலாம். ஐரோப்பா, ஆசியாவிலிருந்து தெற்கே போகும் பறவைகள் பனிமூட்ட இரவுகளில் விளக்கு வெளிச்சத்துக்கு இறங்க, 1969 முதல் அங்கே அவற்றுக்கு வளையம் மாட்டி வருகிறார்கள்.

வரலாறு

இரண்டுக்கும் உண்மையான வித்தியாசம் இங்கேதான் இருக்கிறது.

சாவோ என்றதும் பலருக்கு நினைவுக்கு வருவது 1898. மொம்பாசாவில் 1896-இல் தொடங்கிய உகாண்டா ரயில் பாதை சாவோ ஆற்றை எட்டியபோது, பாலம் கட்டிய தொழிலாளர்களை இரண்டு சிங்கங்கள் மாதக்கணக்கில் கூடாரத்திலிருந்து இழுத்துப் போயின. பயந்துபோன தொழிலாளர்கள் கிடைத்த ரயிலில் ஏறி ஓடினார்கள், வேலை நின்றது. பொறுப்பில் இருந்த ஜான் ஹென்றி பேட்டர்சன் அந்த டிசம்பரில் இரண்டையும் சுட்டார். பலி 135 என்று அவர் பின்னாளில் எழுதினார். தோல்களையும் மண்டையோடுகளையும் 1924-இல் சிகாகோவின் ஃபீல்டு அருங்காட்சியகம் வாங்கியது. அந்த மயிரையும் எலும்பையும் வேதியியல் முறையில் ஆராய்ந்தவர்கள், உண்மையில் தின்னப்பட்டவர்கள் சுமார் 35 பேர் என்று 2009-இல் மதிப்பிட்டார்கள். ஒரு சிங்கத்துக்குக் கோரைப் பல் உடைந்து வேரில் சீழ் பிடித்திருந்தது. போதாததற்கு, 1890களில் பரவிய மாட்டுக் கொள்ளைநோய் காட்டெருமைகளை வாரிக்கொண்டு போயிருந்தது. ஓடுகிற இரையைப் பிடிக்க முடியாத விலங்கு, கூடாரத்தில் தூங்குகிற மனிதனிடம் வந்தது.

ஆனால் இந்தச் சிங்கக் கதை அதைவிடப் பெரிய கதை ஒன்றை மறைத்துவிட்டது. அந்தப் பாதையைப் போட பிரிட்டிஷ் இந்தியாவிலிருந்து ஒப்பந்தத்தில் கொண்டுவரப்பட்டவர்கள் ஏறத்தாழ 32,000 பேர், பெரும்பாலும் பஞ்சாப்காரர்கள். 1901-இல் பாதை விக்டோரியா ஏரியைத் தொட்டபோது அவர்களில் சுமார் 2,500 பேர் உயிரோடு இல்லை. சிங்கம் தின்றது அதில் சிறு துளி. காய்ச்சலும் வயிற்றுக்கடுப்பும் விபத்தும்தான் மிச்சத்தைக் கொண்டுபோயின. ஒப்பந்தம் முடிந்தும் ஊர் திரும்பாமல் 6,700 பேர் வரை அங்கேயே தங்கினார்கள். இன்று கென்யாவின் எந்தச் சிற்றூரிலும் சப்பாத்தியும் சமோசாவும் கிடைப்பதில் அவர்களுக்கும் பின்னால் வந்த குஜராத்தி வணிகர்களுக்கும் பங்கு உண்டு. நைரோபியே 1899-இல் அந்த ரயில்வேக்குப் போடப்பட்ட முகாமாகத் தொடங்கிய ஊர்தான். நெடுஞ்சாலையில் சாவோ ஆற்றைக் கடக்கையில் வண்டியை நிறுத்தச் சொல்லி, இதை நினைத்துக்கொண்டு ஐந்து நிமிடம் நில்லுங்கள்.

அங்கிருந்து மேற்கே தவேட்டா பக்கம் போனால் முதல் உலகப்போரின் களம். 1914 ஆகஸ்டில் ஜெர்மன் படை, அன்று ஜெர்மனியின் வசம் இருந்த தான்சானியாவிலிருந்து எல்லை தாண்டித் தவேட்டாவைப் பிடித்தது. ரயில் பாதையைத் தகர்ப்பதற்கென்றே சிறு குழுக்கள் வறண்ட காட்டைக் கால்நடையாகக் கடந்து வந்தன. 1916 பிப்ரவரி 12 அன்று சலைட்டா குன்றில் தோற்றுப் பின்வாங்கிய, பிரிட்டிஷ் தரப்பின் தென்னாப்பிரிக்கப் படையை, பிரிட்டிஷ் இந்திய ராணுவத்தின் 130-ஆம் பலூச் படைப்பிரிவு எதிர்த்து நின்று காப்பாற்றியது. வோய், தவேட்டா ஊர்களில் போர்க்கல்லறைகள் பராமரிக்கப்படுகின்றன. லாட்ஜுகளில் கேட்டால் இந்தப் பக்கம் அழைத்துப்போகத் தெரிந்த வழிகாட்டியை ஏற்பாடு செய்வார்கள்.

மூன்றாவது, தந்தத்தின் வரலாறு. சாவோவில் யானைகளின் எண்ணிக்கை இன்று தெரிகிற நிலைக்கு வந்த வழி கொடுமையானது. 1970-71 வறட்சியில் ஆயிரக்கணக்கில் செத்தன. பிறகு கள்ளவேட்டை. 1960களில் முப்பதாயிரத்தைத் தாண்டியிருந்தவை 1980களின் இறுதியில் ஆறாயிரத்துக்கு அருகில் வந்து நின்றன. 1989-இல் அதிபர் மோய் நைரோபி தேசியப் பூங்காவில் 12 டன் தந்தத்தை எரித்தார், அதே ஆண்டில் உலக அளவில் தந்த வணிகம் தடை செய்யப்பட்டது. அதற்குப் பிறகும் 2014-இல் சட்டாவோ என்ற மாபெரும் கொம்பனை விஷ அம்பு எய்து கொன்றார்கள். 2022 வறட்சியில் பிப்ரவரி முதல் அக்டோபர் வரை கென்யா இழந்த யானைகள் 205. இது தெரிந்து பார்க்கும்போது, ஆருபாவில் குட்டிகளோடு நீர் குடிக்க வருகிற கூட்டம் வேறு மாதிரித் தெரிகிறது.

மாராவுக்கு வரலாறு இல்லையா? இருக்கிறது. கல்லிலோ பாலத்திலோ இல்லை, மாசாய் மக்களிடம் இருக்கிறது. 1904-இல் ஓர் ஒப்பந்தத்தில், மாசாய் இனம் இருக்கும் வரை செல்லும் என்ற வாக்குறுதியோடு, பிளவுப் பள்ளத்தாக்கின் நல்ல மேய்ச்சல் நிலத்தைப் பிரிட்டிஷார் வெள்ளைக் குடியேறிகளுக்காக வாங்கிக்கொண்டார்கள். ஏழே ஆண்டில் இன்னொரு ஒப்பந்தம் போட்டு, அப்போது அவர்களுக்கு ஒதுக்கிய வடக்கு நிலமான லைக்கிபியாவிலிருந்தும் தெற்கே கிளப்பினார்கள். மாசாய்கள் நீதிமன்றம் போனார்கள். இது இரண்டு அரசுகளுக்கு இடையிலான உடன்படிக்கை, நாங்கள் தலையிட முடியாது என்று 1913-இல் வழக்கைத் தள்ளினார்கள். நிலத்தை எடுக்கும்போது குடிமக்கள், வழக்குப் போடும்போது அயல்நாட்டார்! சஃபாரிக்கு நடுவே ஒரு மணி நேரம் ‘மாசாய் கிராமம்’ என்று நடத்தும் நடனக் காட்சியில் இது எதுவும் தெரியவராது. காப்பகத்தை ஒட்டி மாசாய்கள் தங்கள் நிலத்தைக் குத்தகைக்கு விட்டு நடத்தும் கன்சர்வன்சிகளில், நபோய்ஷோ, ஓலாரே மோட்டோரோகி போன்றவற்றில், தங்குங்கள். வண்டிகள் குறைவு, நடந்து போகலாம், குத்தகைப் பணம் நிலத்துக்காரர் வீட்டுக்குப் போகிறது. இரவில் நெருப்பருகே பேசக் கிடைக்கும் வழிகாட்டி அந்த நிலத்தின் பிள்ளையாகவே இருப்பார். செலவு கூடுதல்தான், ஆனாலும் மாராவில் செலவழிக்க வேண்டிய இடம் இதுதான்.

செலவும் வழியும்

மாரா காப்பகத்துக்குள் வெளிநாட்டவர் நுழைய ஒரு நாளைக்கு ஜனவரி முதல் ஜூன் வரை 100 டாலர், ஜூலை முதல் டிசம்பர் வரை 200 டாலர் என்று 2024-இல் உயர்த்திவிட்டார்கள். நாலு பேர் குடும்பத்துக்கு மூன்று நாள் என்று கணக்குப் போட்டுப் பாருங்கள். சாவோவின் கட்டணம் அந்த உச்சக்கட்டணத்தில் பாதியைத் தொடாது. அங்கே லாட்ஜுகளும் மலிவு. (கட்டணங்கள் மாறிக்கொண்டே இருப்பதால் கிளம்புமுன் ஒருமுறை சரிபாருங்கள்.)

நைரோபியிலிருந்து மாராவுக்குச் சாலையில் ஐந்தாறு மணி நேரம், சிறு விமானத்தில் முக்கால் மணி. சாலையில் போவதானால் பிளவுப் பள்ளத்தாக்கு இறக்கத்தில், 1942-இல் இத்தாலியப் போர்க்கைதிகள் கட்டிய சின்னத் தேவாலயத்தைப் பார்த்துவிட்டுப் போகலாம். சாவோவுக்கு ரயிலே இருக்கிறது. 2017-இல் தொடங்கிய மதாரக்கா வண்டியில் காலையில் நைரோபியில் ஏறினால் மதிய வாக்கில் வோய். ஊர்ஊராய் நின்று போகும் காலை வண்டியில் சீட்டு எடுங்கள். காட்டின் நடுவே, யானைகள் அடியில் கடந்துபோக வழிவிட்டுக் கட்டிய பாதையில் போகிறது வண்டி. ஜன்னலோரம் உட்கார்ந்தவருக்கு சஃபாரி அங்கேயே தொடங்கிவிடும்.

உடம்பைப் பொறுத்தவரை மாரா எளிது. உயரமான இடம், விடியற்காலையில் ஸ்வெட்டர் கேட்கும் குளிர். சாவோ தாழ்வு, வெக்கை, மலேரியா பயமும் கூடுதல், மாத்திரை பற்றி மருத்துவரிடம் கேட்டுக்கொள்ளுங்கள். எங்கே போனாலும் மஞ்சள் காய்ச்சல் ஊசி குறைந்தது பத்து நாள் முன்பே போட்டிருக்க வேண்டும். அந்தச் சான்றிதழ் இல்லாமல் கென்யாவிலிருந்து இந்தியா திரும்பினால் தனிமைப்படுத்திவிடுவார்கள். சென்னைக்காரர்களுக்குக் கிண்டி கிங் நிலையத்தில் போடுகிறார்கள்.

ஆகவே, ஆகஸ்டில்தான் விடுமுறை, பிள்ளைகள் கூட வருகிறார்கள், ஆப்பிரிக்காவுக்கு இனி வருவோமா தெரியாது என்றால் தயங்காமல் மாரா போங்கள். மற்றவர்களுக்கு என் திட்டம் இது: நைரோபியில் ஷெல்ட்ரிக் அறக்கட்டளை வளர்க்கும் அனாதை யானைக்குட்டிகளை, முன்பதிவு செய்து, ஒரு முற்பகல் பாருங்கள். அவை வளர்ந்ததும் பெரும்பாலும் சாவோ காட்டுக்குத்தான் அனுப்பப்படுகின்றன. மறுநாள் ரயிலில் வோய். கிழக்கில் இரண்டு இரவு, மேற்கில் ஒன்று. பிறகு மொம்பாசா. போர்ச்சுக்கீசியர் 1593-இல் கட்டத் தொடங்கிய ஜீசஸ் கோட்டையில், ஓமானியர் முற்றுகையின்போது 1697-இல் மூழ்கிய ‘சாந்தோ அன்டோனியோ த தன்னா’ கப்பலிலிருந்து எடுத்த பொருட்கள் இருக்கின்றன. அந்தக் கப்பல் கட்டப்பட்டது நம் மும்பைக்கு அருகில், வசாயில். ஒரு நாள் மிச்சமிருந்தால் வடக்கே கெடி. காட்டுக்குள் கைவிடப்பட்ட அந்தச் சுவாஹிலி நகரம் 2024-இல் யுனெஸ்கோ பட்டியலில் சேர்ந்தது. காலையிலேயே போய்விடுங்கள், பத்து மணிக்கு மேல் கடற்கரை வெக்கையில் இடிபாடுகளைச் சுற்றி நடப்பது சிரமம்.