ஸ்பிட்ஃபயர் கேட்ட நண்பருக்கு: ஹெரால்டின் முன் ஸ்பிரிங்கோடு நாலு வருடம்

ஈரோட்டு நண்பர் ஒருவர் போன வாரம் போன் செய்தார். ட்ரையம்ஃப் ஸ்பிட்ஃபயர் என்ற பழைய இங்கிலாந்து ஸ்போர்ட்ஸ் கார் ஒன்று விலைக்கு வருகிறதாம். முன்பக்க ஸ்பிரிங்கும் ஷாக்கும் (ஷாக் அப்சார்பர்) மாற்ற வேண்டிய நிலையாம். "உங்க ஹெரால்டும் அதே செட்டிங்தானேங்க, எப்படி இருக்கு?" என்றார்.

அதேதான். ஹெரால்ட் காரின் சேஸியை, அதாவது அடிச்சட்டத்தை, குட்டையாக்கித்தான் 1962இல் ஸ்பிட்ஃபயரைக் கொண்டுவந்தார்கள். முன்பக்கம் இரண்டுக்கும் ஒரே அமைப்பு. என்னுடையது சென்னையில் தயாரான ஸ்டாண்டர்ட் ஹெரால்ட், 1964 மாடல், இரண்டு கதவு.

ஏற்காடு மலைப்பாதையில் இருபது கொண்டை ஊசி வளைவுகள். அடிவாரம் தாண்டி ஏற ஆரம்பித்தால் இந்த வண்டியின் அருமை தெரியும். 25 அடி வட்டத்துக்குள் திரும்பிவிடும் என்பதால், எதிரே பஸ் வந்து ஒதுங்கி நின்றாலும் பதற்றமில்லாமல் வளைத்து எடுக்கலாம். பானட்டும் மட்கார்டும் ஒன்றாக முன்னால் சாய்ந்து திறக்கும், டயர் மேலேயே உட்கார்ந்து வேலை பார்க்கலாம். ஸ்பிரிங், ஷாக் இரண்டும் ஒரே தொகுப்பு. மேலே மூன்று நட்டு, கீழே ஆர்மில், அதாவது சக்கரத்தோடு ஏறி இறங்கும் இரும்புக் கையில், ஒரு போல்ட். கழற்றினால் முழுசாகக் கைக்கு வந்துவிடும். ஸ்பிரிங்கை அமுக்கிக் கட்டாமல் ஷாக்கின் நடு நட்டை மட்டும் தொடக் கூடாது, தெறித்தால் ஆளையே அடித்துவிடும்.

இனி என் ஆத்திரம். வாங்கிய வருடமே ஷாக், ஸ்பிரிங், புஷ் எல்லாம் புதுசு போட்டேன். பட்டறையில் வண்டியை ஜாக்கியில் தூக்கி, சக்கரம் அந்தரத்தில் தொங்கத் தொங்க எல்லா போல்ட்டையும் முறுக்கிவிட்டார்கள். நான் கேட்டபோது "ஒண்ணும் ஆகாதுங்க சார்" என்று பதில் வந்தது. வெளியே எடுத்தால் மூக்கு தூக்கி நின்றது. புது ஸ்பிரிங், ஓட ஓட இறங்கிவிடும் என்றார்கள். ஆறு மாதத்தில் ஒவ்வொரு வேகத்தடையிலும் டக், டக்.

ஆர்ம் போல்ட்டில் மாட்டும் அந்த புஷ் வெறும் ரப்பர் வளையம் இல்லை. உள்ளே ஓர் இரும்புக் குழாய், அதோடு ஒட்டிய ரப்பர். போல்ட்டை முறுக்கியதும் உள்குழாய் அசையாமல் பிடித்துக்கொள்ளும். அப்புறம் ஆர்ம் ஏறி இறங்கும்போதெல்லாம் ரப்பர்தான் முறுக்கிக் கொடுக்க வேண்டும். தொங்கும் நிலையில் பூட்டினால், வண்டி தரையில் சும்மா நிற்கும்போதே ரப்பர் முறுக்கேறித்தான் இருக்கும். மூக்கைத் தூக்கிப் பிடித்ததும் அதுதான், கிழிந்ததும் அதனால்தான். அதே கைகள் போட்ட பிரேக் இன்றுவரை ஒரு குறை வைக்கவில்லை, அதையும் சொல்ல வேண்டும். ஆனால் நான் கேட்டும் செவி கொடுக்காததை மறக்க முடியவில்லை.

இரண்டாவது செட்டை வீட்டு வாசலிலேயே நானே போட்டேன். போல்ட்டுகளைத் தளர்வாக மாட்டி, நாலு சக்கரத்துக்கும் அடியில் ஒரே உயரப் பலகை வைத்து வண்டியை இறக்கினேன். ஓட்டும்போது இருக்கும் எடை வரட்டும் என்று மைத்துனரும் பக்கத்து வீட்டுப் பையனும் முன் சீட்டில் உட்கார்ந்தார்கள். வண்டியைக் குலுக்கிவிட்டு, கீழே படுத்து முறுக்கினேன். முன் சக்கரம் திரும்பும் கீழ் மூட்டான ட்ரனியனுக்கும் கிரீஸுக்குப் பதிலாக கியர் ஆயில் ஊற்றினேன். அது காய்ந்தால் துரு ஏறி ஒருநாள் சக்கரமே மடங்கிவிடும், கவனம்.

மறுநாள் ஏற்காடு போனேன். ஒரு சத்தம் இல்லை. ஏரிக்கரையில் நிறுத்திவிட்டு, எந்த வேலையும் இல்லாமல் அந்த நிசப்தத்துக்காகவே குப்பனூர் வழியாகச் சுற்றி இறங்கினேன். அந்தக் காலைப் பொழுதை எந்தப் புது வண்டியும் எனக்குத் தரவில்லை.

ஆனாலும் நண்பரிடம் வேண்டாம் என்றுதான் சொன்னேன். முறையாகப் பூட்டிய அந்த புஷ்ஷே ஒன்றரை வருடத்தில் வெடித்துவிட்டது. இப்போது வரும் ரப்பர் அவ்வளவுதான். மூன்றாவது செட் போட்டு பத்து நாள்கூட ஆகவில்லை, முட்டி வலி இன்னும் போகவில்லை.

அப்படியும் வாங்குவதானால், பட்டறையில் பக்கத்திலேயே நில்லுங்கள். சக்கரம் தரையைத் தொடும்வரை யாரையும் அந்தக் கீழ் போல்ட்டை முறுக்க விடாதீர்கள்.