இருமுடி செட்: பையும் மாலையும் வாங்கலாம், நெய்த்தேங்காய் வேண்டாம்

சபரிமலைக்குப் போட்ட மாலையைக் கழற்றி எட்டு நாள் ஆச்சு. இனிமேல் கோபப்படலாம். விரதத்துல இருக்கிறப்ப யாரையும் குறை சொல்லக் கூடாது, கடைக்காரரைக்கூட 'சாமி'ன்னுதான் கூப்பிடணும். அதனால இத்தனை நாள் வாயைக் கட்டிக்கிட்டு இருந்தேன்.

எனக்கு ஊர் செங்கோட்டை. முப்பது வருஷமா தையல் மெஷின்தான் சோறு போடுது. ஐம்பது தாண்டின பிறகு மாலை போட ஆரம்பிச்சேன், இது மூணாவது மலை. நான் சொல்லப் போற கடைக்குப் பேர்ப்பலகை கிடையாது. கார்த்திகை பிறந்ததும் புளியரை ரோட்டோரம் வரிசையா முளைக்கிற தகரக் கொட்டகைகள்ல ஒண்ணு. தை பிறந்தா பிடுங்கிட்டுப் போயிருவாங்க. அதனால ஒரு கடையைச் சொல்றதா நினைக்க வேண்டாம், அந்த மாதிரி எந்தக் கடையில வாங்கினாலும் உதவும்.

முதல்ல மாலை. துளசி மாலைன்னு தொங்குறது எல்லாம் துளசி இல்லை. தொழில்ல இருந்து வந்த பழக்கம் எனக்கு ஒண்ணு உண்டு: வெள்ளைத் துணியை நனைச்சு மணியை நாலு தேய் தேய்ச்சுப் பாப்பேன். சாயம் ஏத்தின கட்டையா இருந்தா துணியில பழுப்பு இறங்கிரும். எடுத்துக் கொடுத்த ரெண்டு மாலையும் இறங்குச்சு. கடைக்காரர் துணியைப் பாத்தார், என்னைப் பாத்தார், ஒண்ணும் பேசாம உள்ளே போய் ஒரு பிஸ்கட் டப்பாவுல இருந்து வேற மாலை எடுத்துட்டு வந்தார். அது இறங்கலை. 54 மணி, 160 ரூபாய். கார்த்திகை ஒண்ணுல இருந்து ரெண்டு வேளை குளியலோட ஐம்பது நாள் கிட்ட கழுத்துல கிடந்துச்சு. நூல் அறலை, ஒரு மணி உடையலை. கேக்கத் தெரிஞ்சவங்களுக்கு நல்ல சரக்கு டப்பாவுக்குள்ள இருக்கு.

மண்டல பூஜை முடிஞ்சு நடை சாத்தி, மகர விளக்குக்குத் திரும்பத் திறந்த பிறகுதான் எங்க குழு கிளம்பும். அதனால மார்கழி பாதியில மறுபடி அதே கடைக்குப் போனேன், மலைக்குத் தலையில சுமந்துக்கிட்டுப் போற ரெட்டை மூட்டைக்கான இருமுடி செட் வாங்க. நெய்த்தேங்காய் மட்டும் தவிர, பையும் மற்ற பூஜைச் சாமானும் எல்லாம் சேர்த்து 450 ரூபாய்.

பையைப் பத்திக் கொஞ்சம் விரிவாவே சொல்லுவேன், பொறுத்துக்கிடுங்க. இருமுடிப் பையில எடை முழுக்க நடுவுல தொங்கும். முன்முடி முகத்துப் பக்கம் இழுக்கும், பின்முடி பிடரிப் பக்கம் இழுக்கும், தலையில உக்கார்ற அந்த ஒரு சாண் துணிதான் ரெண்டையும் தாங்கணும். அந்த இடத்துல ஒத்தைத் தையல் போட்டு விட்டிருக்கிற பை எத்தனையோ பாத்திருக்கேன். இதுல ரெட்டைத் தையல் இருந்துச்சு. துணியும் பாலியஸ்டர் இல்லை, நல்ல கனமான காடா. பாலியஸ்டர் பை வியர்வைத் தலையில நிக்காது, வழுக்கிக்கிட்டே இருக்கும், ஒரு கை எப்பவும் பையிலேயே இருக்கணும். அதுல இவருக்கு முழு மார்க்.

குறை எங்கேன்னா, கயிறு கோக்கிற மடிப்புல. அங்குலத்துக்கு ஆறு தையல்கூட இல்லை, நானா இருந்தா பத்து போடுவேன். உள் ஓரத்துல ஓவர்லாக் அடிக்கலை. அரிசியைக் கொட்டினா பிசிறு நூல் அரிசியோட வருது. வீட்டுக்குக் கொண்டு வந்து அரை மணி நேரம் மெஷின்ல உக்காந்து சரி பண்ணினேன். மெஷின் இல்லாதவங்க கையாலயே அந்த மடிப்பை ஒரு சுத்து தைச்சிருங்க.

சாமான் பாக்கெட் எண்ணிப் பாத்தேன், பதினாலு. மஞ்சள் பொடிக்கு ஒரு பிளாஸ்டிக், குங்குமத்துக்கு ஒரு பிளாஸ்டிக், வெல்லத்துக்கு ஒண்ணு, அவலுக்கு ஒண்ணு. அது போக கற்பூரம், ஊதுபத்தி, ஒரு குட்டிப் பன்னீர் பாட்டில். 2024 சீசன்லயே திருவிதாங்கூர் தேவஸ்வம் போர்டு கற்பூரம், ஊதுபத்தி, பன்னீர் மூணும் இருமுடியில வேண்டாம், பிளாஸ்டிக்கும் வேண்டாம்னு சொல்லிட்டாங்க. பச்சரிசி, நெய்த்தேங்காய், வெல்லம், வாழைப்பழம், வெற்றிலை பாக்கு, காணிக்கைக் காசு, இவ்வளவு முன்முடியில இருந்தாப் போதும். கடையில இன்னும் பழைய பட்டியல்தான் ஓடுது. எங்க குழுவைக் கூட்டிட்டுப் போற குருசாமி, கட்டு நிறைக்கிறதுக்கு (இருமுடியில சாமான் வெச்சுக் கட்டுறதுக்கு) முந்தின நாளே எல்லார் செட்டையும் பிரிக்க வெச்சிருவார். நான் பிளவுஸ் வெட்டின மிச்சத் துணியில சின்னச் சின்னச் சுருக்குப் பை தைச்சு எல்லாருக்கும் கொடுத்தேன். மாளிகைப்புறத்தம்மனுக்குப் போற மஞ்சளுக்கு மட்டும் பட்டுத் துண்டுல ஒண்ணு.

இனி நெய்த்தேங்காய். எல்லாக் குறையும் இங்கதான்.

வருஷா வருஷம் வீட்டுலதான் நிறைப்பேன். வெண்ணெய் உருக்கி, முத்தின காயாப் பாத்து நார் உரிச்சு, கண்ணாடிச் சில்லால சிரட்டையைச் சுரண்டி மழமழன்னு ஆக்கி, மூணு கண்ணுல இளகின கண்ணைக் குத்தித் தண்ணியை வடிக்கணும். வடிச்ச கையோட நெய் ஊத்தக் கூடாது. ஒரு நாள் கவுத்து வெச்சு உள்ளே ஈரம் போகணும். நெய்யும் கை பொறுக்கிற சூட்டுலதான் இருக்கணும். இந்த வருஷம் பொங்கல் தையல் முன்கூட்டியே குவிஞ்சிருச்சு, வலது மணிக்கட்டு வேற வீங்கிக் கிடந்துச்சு. 'நிறைச்சே வெச்சிருக்கேன், எடுத்துக்கிடுங்க சாமி'ன்னு கடைக்காரர் சொன்னதும் சபலப்பட்டுட்டேன். ஒண்ணு 130. ரெண்டு வாங்கினேன். ஒண்ணு எனக்கு, இன்னொண்ணு தங்கச்சி பேரனுக்குக் காய்ச்சல் விட்டதுக்கு அவள் நேர்ந்துக்கிட்டது.

ரெண்டையும் உலுக்கிப் பாத்தேன், சத்தம் இல்லை. தக்கை அடிச்சு மேலே மெழுகு ஊத்தியிருந்துச்சு. பாக்க லட்சணமா இருந்துச்சு, அதையும் சொல்லணும்.

கட்டு நிறைக்கிறப்ப குருசாமி எப்பவும் சொல்லுவார்: தேங்காய் உடம்பு, நெய் உயிர், உயிரை ஐயனுக்கு ஊத்திட்டு உடம்பை ஆழியில போடுறோம். ஆழின்னா சன்னிதானத்துல எரியுற நெருப்புக் குண்டம். வேன் கோட்டைவாசல் தாண்டி ஆரியங்காவுல நிக்கிறப்ப என் நெத்தியில என்னமோ பிசுபிசுன்னுச்சு. தொட்டுப் பாத்தா நெய். உயிர் மலைக்குப் போறதுக்கு முன்னாடியே ஜாக்கெட்டுக்குள்ள இறங்கிக்கிட்டிருக்கு!

ஆரியங்காவுல ஐயன் கல்யாணக் கோலம். மார்கழியில மதுரை சௌராஷ்டிர ஜனங்க பெண் வீட்டாரா சீர் கொண்டு வந்து நடத்துற திருக்கல்யாணம் முடிஞ்சு சில நாள்தான் ஆகியிருந்துச்சு. அந்த நடையில நின்னு கும்பிட வேண்டிய நேரத்துல, நான் வேன் பக்கத்துல பாய் விரிச்சு உக்காந்து சரணம் சொல்லிக்கிட்டே இருமுடியைப் பிரிச்சுக்கிட்டிருக்கேன். மெழுகு வெயிலுக்கு இளகி, தக்கை பக்கவாட்டுல சாய்ஞ்சு கிடந்துச்சு. அரிசி முழுக்க நெய். ஒழுகினது தங்கச்சி வீட்டு நேர்ச்சைக் காய். அவகிட்ட இன்னும் சொல்லலை, இதைப் படிச்சுத் தெரிஞ்சுக்கிடட்டும்.

குருசாமி அலட்டிக்கிடலை. சமையல் மூட்டையில இருந்து ரெண்டு அப்பளம் எடுத்தார். தண்ணியில நனைச்சு, களிமண்ணு மாதிரி பிசைஞ்சு, தக்கையை நேரா அமுக்கி மேலே அப்பினார். என் சுருக்குப் பைத் துணி ஒண்ணை வாங்கி இறுக்கிக் கட்டினார். 'காயட்டும் மாளிகைப்புறம், இனி சன்னிதானத்துல உடைச்சாத்தான் வரும்'ன்னார். (மலைக்குப் போற பொம்பளைங்களை மாளிகைப்புறம்னுதான் கூப்பிடுவாங்க.) அப்படியே ஆச்சு. நிலக்கல், பம்பை, நீலிமலை ஏத்தம், பதினெட்டுப்படி எல்லாம் தாண்டியும் ஒரு சொட்டு வரலை. அப்பளத்துல உளுந்து இருக்கில்ல, பசை பிடிச்சா கல்லு மாதிரி ஆயிரும். மெழுகு ஊத்துற கடைக்காரங்க எல்லாரும் இதைக் கத்துக்கிட்டா நல்லது.

சன்னிதானத்துல காயை உடைச்சு நெய்யைப் பாத்திரத்துல வழிக்கிறப்பதான் அடுத்தது. எங்க குழுவுல மத்தவங்க நெய் மணல் மணலா, லேசான மஞ்சள்ல, வாசம் தூக்குது. என் ரெண்டு காயிலயும் இருந்தது வெள்ளையா, வழவழன்னு, மெழுகுவர்த்தி மாதிரி. வாசமே இல்லை. குருசாமி விரல்ல தொட்டு மோந்து பாத்துட்டு, என்னைத் திட்டலை. தன் பாத்திரத்துல இருந்து என் பாத்திரத்துக்குப் பாதியை ஊத்தினார். என்னோடது ஓட்டோட ஆழிக்குப் போச்சு. எனக்குக் கண்ணு கலங்கிருச்சு, நெருப்புப் புகைன்னு சொல்லிச் சமாளிச்சேன்.

திரும்பி வர்றப்ப வேனைக் கடை முன்னாடி நிறுத்தச் சொன்னேன். மாலை இன்னும் கழுத்துல. குரலை உசத்த முடியாது.

'சாமி, எந்த நெய் ஊத்தினீங்க?'

அவர் மறைக்கலை. பின்னாடி இருந்து டின்னையே எடுத்துக் காட்டினார். மேலே பெருசா நெய்ன்னு இருக்கு. அடியில, ஊசியில நூல் கோக்கிற என் கண்ணுக்கே கண்ணாடி தேவைப்பட்ட எழுத்துல, தீபத்துக்கு மட்டும், உண்ண அல்லன்னு போட்டிருக்கு.

'நூத்தி முப்பது ரூவாய்க்குப் பசு நெய் எப்படி ஊத்துவேன், நீங்களே சொல்லுங்க. யாரும் கேக்கலை, நானும் சொல்லலை'ன்னார்.

'கேட்டிருந்தா?'

'சொல்லியிருப்பேன் சாமி. அந்த மாலை மாதிரிதான்.'

260 ரூபாயைத் திருப்பி நீட்டினார். வாங்கிக்கிட்டேன். உண்டியல்ல போட்டிருக்கலாமேன்னு குழுவுல ஒருத்தர் சொன்னார். நான் அதை வெண்ணெய்க்கு வெச்சிருக்கேன், தங்கச்சி நேர்ச்சையை அடுத்த வருஷம் ஒழுங்கா நிறைக்கணும்.

ஐந்துக்கு மூணு நட்சத்திரம் போடுறேன். பைக்கும் மாலைக்கும் ஒண்ணரை ஒண்ணரை, காய்க்குச் சைபர். வீட்டுல நிறைக்க முடியாதவங்க வெறுங்காயும் தக்கையும் மட்டும் இங்க வாங்கிட்டு, நெய்யை உங்களுக்குத் தெரிஞ்ச கடையில வாங்கிக் கட்டு நிறைக்கிற இடத்துல குருசாமி முன்னாடி ஊத்துங்க. அப்பளம் ரெண்டு கூடவே இருக்கட்டும். அப்புறம், கடையில க்யூஆர் அட்டை தொங்குது, ஆனா எனக்கு மூணு தடவையும் அங்க சிக்னல் கிடைக்கலை. சில்லறையாக் கொண்டு போங்க.