பழைய ஜவுளிக்கடைக் கட்டடம்: லாட்ஜா, அலுவலகமா?

வேலூர் பஜார் பக்கம் பழைய ஜவுளிக்கடைக் கட்டடம் ஒன்று கைக்கு வந்தால், எல்லாரும் முதலில் சொல்வது “லாட்ஜ் ஆக்கிவிடு” என்பதுதான். தப்பில்லை. 1900-இல் ஐடா ஸ்கடர் தொடங்கிய சி.எம்.சி. மருத்துவமனைக்கு மேற்கு வங்கம், வடகிழக்கு என்று எங்கிருந்தெல்லாமோ வருகிறார்கள். அறை தேடுபவர்களுக்குக் குறைவே இல்லை.

ஆனால் கூரையைக் கொஞ்சம் அண்ணாந்து பாருங்கள். தேக்கு உத்தரங்களின் மேல் செங்கல்லை நிறுத்திக் கோணவாட்டில் அடுக்கி, சுண்ணாம்புச் சாந்தில் இறுக்கிய மெட்ராஸ் டெரஸ். லாட்ஜ் என்றால் அறைக்கொரு குளியலறை வேண்டும். மாடியில் ஒரு குழாய் கசிந்தால் போதும், சுவருக்குள் புதைந்த உத்தர முனை வெளியே தெரியாமலே உளுத்துவிடும்.

அலுவலகம் என்றால் கூடத்தைத் தடுக்க வேண்டியதில்லை. கழிப்பறைகளைப் பின்கட்டில் தனியாகக் கட்டிக்கொள்ளலாம். தடித்த சுவரும் உயரமான கூரையும் மே மாத வெயிலை ஓரளவு தாங்கும். வருமானம் லாட்ஜ் அளவுக்கு வராது, சரி. வண்டி நிறுத்துவது இரண்டுக்குமே தலைவலி.

என் ஓட்டு அலுவலகத்துக்கு. லாட்ஜ்தான் என்று பிடிவாதமாக இருந்தால், அறைகளைக் கீழ்த்தளத்தோடு நிறுத்துங்கள். அப்புறம், எதுவானாலும் சுண்ணாம்புச் சுவர்மேல் சிமெண்ட் பூசாதீர்கள். ஈரம் உள்ளேயே தங்கி, உப்புப் பூத்து, காரை உதிரும்.